பத்தரை மணிக்கு வரும் பின்னேரம்

1

மகள் ஹனாவைப் பாடசாலையிலிருந்து விலக்கிக்கொள்கிறேன் என்று அதிபருக்கு ஆறு வரியில் ஒரு கடிதம் எழுதி, அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து இன்றோடு மூன்று வருடம். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் அன்றைக்கும் இன்றைப் போலவே மூடுபனி. வீதியின் மறுமுனை தெரியவில்லை. எட்டு வயதுகூட நிரம்பாத ஹனா, மாவுக்கட்டுப் போட்ட வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடது கையால் என் விரலைப் பிடித்தபடி வந்தாள். எங்கள் காலடிச் சத்தம்கூட வேறு யாரோ நடப்பது மாதிரிக் கேட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், நாளைக்குக் காலையில் என்ன செய்யப்போகிறேன் என்று நான் யோசிக்கவேயில்லை என்பது விளங்கியது.

இந்த நாட்டில் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஊரில் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்த முடிவதில்லை. என் கணவர் ரியாஸ் புத்தளத்துப் பக்கம் மாம்புரிக்காரர். அவருடைய வீட்டார் தொலைபேசியில் முதலில் கேட்ட கேள்வி, “ஏன், ஸ்கூல்ல இரிந்து வெரட்டிட்டாங்களா?”

வெரட்டவில்லை. நாங்களாகத்தான் வந்தோம். ஏன் என்பதை இப்போதுதான் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

2

வீட்டில் ஹனா ஓயாத வாயாடி. குளியலறைக்குள் இருந்தும் கதை சொல்வாள். பாடசாலை வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. அங்கே மூன்று வருடமாக யாரும் அவளுடைய குரலைக் கேட்டதில்லை. அது பிடிவாதமில்லை. பேச வேண்டிய நேரத்தில் தொண்டைக்குள் யாரோ நூலால் இறுக்கிக் கட்டுவது மாதிரி இருக்கும் என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

இதை முறையிட நான் பாடசாலை அலுவலகத்துக்குப் போனேன். நம்முடைய ‘வாய் திறக்கிறாள் இல்லை’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அங்கிருந்த பெண் மிகவும் அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, ஒரு பல் வைத்தியரின் இலக்கத்தை எழுதித் தந்தார். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒரு கூட்டத்தில், வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசிப் பாருங்கள் என்று ஆலோசனை சொன்னார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். நாங்களும் கீழ்ப்படிந்தோம். என்னுடையது கடைக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் போதுமான ஆங்கிலம். சாப்பிடு, கை கழுவு, தூங்கு என்று சொல்லலாம். கேலி பண்ண முடியாது, கதை சொல்ல முடியாது, ஒழுங்காக ஏசக்கூட முடியாது. மெல்ல மெல்ல நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். ரியாஸ் பஸ் ஓட்டுபவர். நாள் முழுக்கப் பயணிகளுக்குச் சொன்ன நாலு வார்த்தையை வீட்டுக்கு வந்து எங்களுக்கும் சொல்வார். அந்த ஐந்து மாதமும் எங்கள் வீடு மீன் தொட்டி மாதிரி இருந்தது. வாய்கள் அசைந்தன, சத்தம் மட்டும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் முதல் இடைவேளையில், பனி உறைந்த விளையாட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்து ஹனாவின் மணிக்கட்டு முறிந்துபோனது. அவள் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. இடது கையால் எழுதியிருக்கிறாள். பகல் சாப்பாட்டை இடது கையால் சாப்பிட்டிருக்கிறாள். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் சத்தம் போடாத பிள்ளை நல்ல பிள்ளை. ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. மூன்றே காலுக்கு வாசலில் அவளுடைய பையை வாங்கியபோது, ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தமிழில் பேசினாள்.

“உம்மா, கை.”

அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் வைத்தியர், எத்தனை மணித்தியாலமாக இப்படி என்று கேட்டார். முதல் இடைவேளையிலிருந்து விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன்.

வீட்டுக்கு வந்து ரியாஸ் சொன்னார்: “வேணாம் நஸீரா. நாளைக்கி அனுப்ப வேணாம்.”

“அப்ப நாளன்னைக்கி?”

அந்தக் கிழமைதான் அந்த ஆறு வரியையும் எழுதினேன்.

3

என் ராத்தா, என்னுடைய மூத்த சகோதரி பரீதா, புத்தளத்துக் கரைத்தீவில் இருக்கிறார். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரோடும் எங்களையும் வெளியேற்றியபோது எனக்கு ஏழு வயது, ராத்தாவுக்குப் பன்னிரண்டு. வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கினோம். கொஞ்சக் காலம் சென்று, ஊர்ப் பிள்ளைகள் காலையில் படித்துவிட்டுப் போன கட்டடத்தில் எங்களுக்குப் பின்னேர வகுப்பு நடத்தினார்கள். நான் போனேன். ராத்தா போகவில்லை. உம்மாவுக்குச் சுகமில்லை, என்னையும் தம்பியையும் பார்க்க ஆள் வேண்டும். ஒரு வருடம் போகட்டும் என்றார்கள். அந்த ஒரு வருடம் முடியவேயில்லை. யுத்தம் முடிந்து, பாதிப் பேர் மன்னாருக்குத் திரும்பி, பாதிப் பேர் புத்தளத்திலேயே தங்கி, ராத்தாவின் மூத்த மகளும் கலியாணம் முடித்து, இன்னும் அது முடியவில்லை.

ஹனாவை நிறுத்திவிட்டேன் என்று கேள்விப்பட்ட அன்றே அழைத்தார்.

“நீ என்ன செஞ்சிரிக்காய் தெரியுமா? இஞ்ச நாங்க பள்ளிக்கூடம் இல்லாம அழுதம். நீ குளிருக்குச் சூடு போட்டு வச்ச பள்ளிக்கூடத்தில இரிந்து புள்ளைய இழுத்துட்டு வந்திரிக்காய்.”

“அவ அங்க பேசுறா இல்ல ராத்தா. கை ஒடஞ்சும் சொல்லல்ல.”

“பேசாட்டி என்ன? காது கேக்கும்தானே. எழுதுவாதானே. எனக்கு வாயும் இரிந்திச்சி, காதும் இரிந்திச்சி. பள்ளிக்கூடம்தான் இரிக்கல்ல.”

தொலைபேசியை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பெருநாளுக்கு ஸலாம் சொல்வதோடு சரி.

4

முதலில் நான் வீட்டைப் பாடசாலையாக்கப் பார்த்தேன். குசினிச் சுவரில் பாட நேரசூசி ஒட்டினேன். பழைய சாமான் கடையில் ஒரு பித்தளை மணி வாங்கினேன். காலை ஒன்பது மணிக்கு அதை அடித்தேன். ஹனா மணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுடைய முகம் பாடசாலை வாசலில் மாறுகிற மாதிரி மாறியது. அன்றைக்கு முழுக்க என்னோடும் பேசவில்லை. நான் பயந்துபோனேன். இருந்த ஒரேயொரு இடத்தையும் நானே மூடிவிட்டேனோ என்று நினைத்தேன்.

எங்களைப் போல வீட்டில் படிப்பிக்கும் குடும்பங்கள் வியாழக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் கூடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். முக்காடு போட்டவள் நான் ஒருத்திதான். கதவடியிலேயே திரும்பிவிடலாமா என்று நின்றபோது, மடியில் ஒரு முயலோடு உட்கார்ந்திருந்த பெண் பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினார். ஜோன் என்று பெயர். மூன்று ஆண் பிள்ளைகளுக்குத் தாய். என்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் மணிக் கதையைச் சொன்னேன்.

“மணியைத் தூக்கி உள்ளே வை,” என்றார் அவர். “கொஞ்ச நாளைக்கு ஒன்றுமே படிப்பிக்காதே. இரண்டு பேரும் நடவுங்கள்.”

நடந்தோம். எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஆறு கடலோடு கலக்கிறது. வற்று நேரத்தில் நீர் பின்வாங்கிப் போக, கண்ணுக்கெட்டிய மட்டும் ஈரச் சேறு மின்னும். அதில் நீளக்கால் பறவைகள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போல நடக்கும். மூடுபனியில் வானம் எது, நீர் எது என்று தெரியாது. எங்கள் ஊர்க் கடலேரியான புத்தளம் களப்பு தூக்கத்தில் எழுந்து நடந்து, வழி தவறி இந்தக் குளிருக்குள் வந்து படுத்துவிட்டது மாதிரி இருக்கும். அங்கே நின்றால் எனக்கு மூக்கில் கருவாடு காயும் மணம் வரும். நான் தமிழுக்குத் திரும்பினேன். உப்பளத்தில் பாத்தி பாத்தியாக வெயில் வெள்ளையாக உறைவதைச் சொன்னேன். கற்பிட்டி ரோட்டில் பஸ்ஸுக்கு முன்னால் கழுதைகள் அவசரமில்லாமல் போவதைச் சொன்னேன்.

“அந்தக் கழுதையெல்லாம் ஆருட?” என்று கேட்டாள் ஹனா.

“ஆருடயும் இல்ல.”

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டு வந்தாள். “அப்ப அதுகள ஸ்கூலுக்கு அனுப்ப ஆரும் இல்ல.”

அந்தச் சேற்றங்கரையில் நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது. பேச்சு திரும்பி வந்துவிட்டது.

எல்லா நாளும் இப்படி இருந்ததாக நினைக்க வேண்டாம். எழும்பவே மனமில்லாத காலைகள் இருந்தன. குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுத நாட்கள் இருந்தன. ரியாஸுக்கு அது விளங்கும். கதவுக்கு வெளியே நின்று, “நீ படு, இண்டைக்கி நான் பாக்கிறன்,” என்பார். தன்னுடைய பஸ் நேர அட்டவணையை மேசையில் விரித்து, “ஏழு இருவத்திமூண விட்டுட்டா அடுத்தது எத்தின மணிக்கி?” என்று அவளிடம் கேட்பார். கட்டிலில் கிடந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வீட்டில் ஆசிரியை சுகவீன விடுமுறை எடுக்கலாம் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

5

இலையுதிர் காலத்தில் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பார்வையிடும் அலுவலர் வருவார் என்று. வந்தவர் வயதானவர், மெல்லிய குரல்காரர். தேநீருக்குப் பால் வேண்டாம் என்றார். ஹனா யன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. நான் காட்டிய கொப்பியில் பெரும்பாலும் கழுதைப் படங்கள்.

மகளுடைய முன்னேற்றத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டார். பதற்றத்தில், எவ்வளவு தூரம் முன்னே போகிறீர்கள் என்று எனக்கு விளங்கியது. “ஒரு நாளைக்கு மூன்று மைல்,” என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்று கிழமையில் இன்னொரு கடிதம். கிடைத்த தகவல்கள் போதுமானவையல்ல, வசந்தத்தில் மீண்டும் வருவோம், அப்போதும் திருப்தியில்லாவிட்டால் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும்படி உத்தரவிட நேரலாம். ரியாஸ் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்து வைத்தார். ஹனா தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் காலை பத்தரை மணிக்கு நான் ராத்தாவை அழைத்தேன். வேறு யாரை அழைப்பது என்று தெரியவில்லை.

6

அங்கே பின்னேரம் நாலு மணி. ராத்தா வெங்காயம் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். கற்பிட்டித் தோட்டங்களிலிருந்து வரும் வெங்காயத்தை இலைத்தாள் நறுக்கிப் பிடி பிடியாகக் கட்டிக் கொடுப்பது அவருடைய தொழில். நான் அழுததை முழுக்கக் கேட்டார். இந்த முறை ஏசவில்லை.

“புள்ள கணக்குச் செய்வாளா?”

“செய்வா.”

“பின்னம் தெரியுமா?”

“தெரியும் ராத்தா.”

“எனக்குத் தெரியாது,” என்றார். “கடையில கால் கிலோ, அர கிலோ கேப்பன். எழுதச் சொன்னா வராது. அவகிட்ட கேளு, எனக்குச் சொல்லித் தருவாளாண்டு.”

ஹனா நீண்ட நேரம் யோசித்தாள். எங்கள் இருவரைத் தவிர வேறு யாரோடும் அவள் பேசுவதில்லை, ஊரில் உள்ள பெரியும்மாவோடும் இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனை சொன்னாள். தன் முகம் தெரியக் கூடாது. கொப்பியும் கையும் மட்டும்.

அப்படித்தான் தொடங்கியது. தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தோம். சரியாகப் பத்தரைக்கு என் குசினிக்குள் கரைத்தீவுப் பின்னேரம் வந்துவிடும். வெளியே சாம்பல் நிறக் காலை, மேசையின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் வெயில். அதற்குள் தென்னை அசையும், சேவல் ஒன்று நேரம் தவறிக் கூவும், அஸர் தொழுகை முடிந்து போகிறவர்களின் பேச்சுக் கேட்கும். ஹனா பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுவாள். ராத்தா பார்த்து எழுதிக் காட்டுவார், பிழையாக. ஹனா அழித்து மறுபடி எழுதுவாள். ராத்தா மறுபடி பிழையாக எழுதுவார். மூன்று நாள் இப்படிப் போனது. நாலாம் நாள் ராத்தா அரையையும் காலையும் கூட்டி ஆறில் இரண்டு என்று எழுதிக் காட்டினார்.

“இல்ல பெரியும்மா!”

அடுப்படியில் நின்ற நான் சத்தம் வராமல் அடுப்பை அணைத்தேன். ராத்தா ஒன்றும் நடக்காத மாதிரி, “அப்ப எப்பிடி மகள்?” என்றார். ஹனா சொன்னாள். ஐந்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னாள்.

ராத்தா வேண்டுமென்றே பிழை விட்டாரா என்று பிறகு கேட்டேன். “எனக்கெங்க அந்தக் கெட்டித்தனம்,” என்றார். “உண்மையாத்தான் தெரியாது.”

சதவீதம் வந்தபோது இருவரும் முட்டிக்கொண்டார்கள். ராத்தாவுக்கு அந்தச் சொல்லே பயம். ஹனா புத்தகத்தில் உள்ளதை வாசித்தாள், ஏறவில்லை. சலித்துப்போய் ராத்தா தன் வேலைக் கதைக்குத் தாவினார். “பச்ச வெங்காயம் நூறு கிலோ வச்சா, காஞ்ச பொறவு எம்பத்தஞ்சுதான் நிக்கும். பதினஞ்சு காத்தோட போயிரும்.”

“அதுதான் பெரியும்மா! அதுதான் சதவீதம்!”

“இதா? இது எனக்கு முப்பது வருசமாத் தெரியுமே.”

ஹனாவின் தமிழ் வழுக்கும். “நீங்க பிழை எடுத்திட்டீங்க,” என்பாள். ராத்தா திருத்துவார். “நாங்க பிழை எடுக்கிறல்ல மகள், விடுற.” சரி, நீங்க பிழை விட்டீங்க என்று இவள் திருப்பிச் சொல்வாள். ஊர்ப் பாடப்புத்தகம் தமிழில் இருந்ததால், அதை வாசிப்பதற்காகவே தமிழ் எழுத்துப் படித்தாள். நான் இரண்டு வருடம் கெஞ்சியும் படிக்காத எழுத்து.

7

மார்ச் மாதத்தில் அந்த அலுவலர் இரண்டாம் முறை வந்தார். பத்து மணிக்கு. இந்த முறை ஆறு கொப்பிகளை அடுக்கி வைத்திருந்தேன். முன்னேற்றம் என்ற சொல்லையும் அகராதியில் பார்த்து வைத்திருந்தேன். ஹனா திரைக்குப் பின்னால் போகவில்லை. மேசையடியில் நின்றாள். ஆனால் அவர் கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை. நூல் இறுகுவதை அவளுடைய கழுத்தில் நான் கண்டேன்.

பத்தரைக்குத் தொலைபேசி அடித்தது. ராத்தாவிடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல நான் மறந்துபோயிருந்தேன்.

ஹனா தொலைபேசியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு போய், எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடி நிலத்தில் உட்கார்ந்தாள்.

“பெரியும்மா, நேத்து தந்த அஞ்சு கணக்கும் செஞ்சீங்களா?”

“மூணுதான் செஞ்சன் மகள். லொறியில வெங்காயம் வந்து எறங்கிட்டு.”

“வெங்காயம் ஒவ்வொரு நாளும்தான் வரும்.”

அலுவலர் பேனையைக் கீழே வைத்தார். என் பக்கம் குனிந்து, மிக மெல்ல, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

“வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று என் ராத்தாவை ஏசுகிறாள்,” என்றேன்.

“உங்கள் சகோதரிக்கு என்ன வயது?”

“நாற்பது ஆகப்போகிறது.”

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். தோள்கள் மட்டும் குலுங்கின. தேநீர்க் கோப்பையை எடுத்தால் சத்தம் கேட்குமோ என்று அதைத் தொடவுமில்லை. இருபத்தைந்து நிமிடம், ஒரு சொல்கூட விளங்காத பாடத்தை அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஹனா முடித்துவிட்டுத் திரும்பி, அவர் இன்னும் இருப்பதைக் கண்டு பழையபடி ஊமையானாள். போகும்போது அவர் அவளுக்குக் கையசைத்தார். அவளும் அசைத்தாள். அவ்வளவுதான் அவர்களுக்கிடையில் நடந்த பேச்சு.

திருப்தி என்று கடிதம் வந்தது. ஹனா இன்றைக்கும் புதியவர்களோடு பேசுவதில்லை. ஜோனின் கடைசி மகனோடு பேசுகிறாள், முயல்களோடு பேசுகிறாள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

8

ஒரு நாள் பாடம் முடிந்து ஹனா எழுந்து போன பிறகு ராத்தா என்னை அழைத்தார். வெங்காயத் தாளை நறுக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“அண்டைக்கி நான் கோவிச்சது உன்னோட இல்ல. அந்தப் புள்ளையில எனக்குப் பொறாம. கை ஒடஞ்சதுக்கு அவட உம்மா பள்ளிக்கூடத்தையே வேணாண்டு எடுத்துட்டா. எங்களுக்கு ஊரே ஒடஞ்சிச்சி. நான் என்ன வகுப்பில இரிந்தனெண்டு ஆரும் கேக்கல்ல.”

“என்ன வகுப்பு ராத்தா?” என்று கேட்டேன். எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

“ஏழு. ஏழு ஏ.”

அப்போதுதான், பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட விண்ணப்பதாரியாக விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னார். எல்லாப் பாடமும் ஒரேயடியாக இல்லை, முதலில் தமிழும் இஸ்லாமும் கணிதமும். படிவத்தில் கையொப்பம் வைத்த அதிகாரி, இந்த வயதில் எதற்கு என்று கேட்டாராம். “படிப்பிக்கிற ஆள் கொஞ்சம் கடுமை. எழுதாம விட ஏலாது,” என்றாராம் ராத்தா.

அதற்குப் பிறகு பரீட்சை எங்கள் வீட்டிலும் குடியேறியது. ஹனா எப்போதும் ராத்தாவுக்கு ஒரு பக்கம் முன்னால் படித்துக்கொண்டு போனாள். அவளுக்கு விளங்காததை ரியாஸ் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். அவருக்கும் விளங்காததை நூலகத்தில் தேடினோம். என்னை நானே தள்ளி எழுப்பிய காலைகள் போய்விட்டன. பத்தரைக்கு ஒருவர் அங்கே கொப்பியோடு காத்திருக்கிறார் என்பதே போதுமாக இருந்தது.

போன மாதம் கணிதப் பரீட்சை நடந்தது. அன்றைக்கு ஹனா காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. பத்தரைக்குத் தொலைபேசி அடித்ததும் பாய்ந்து எடுத்தாள். முகத்தை மறைக்கவில்லை. அந்தப் பழக்கம் எப்போது போனது என்று எனக்கு ஞாபகமில்லை.

“முதல் பகுதி எத்தின கணக்கு செஞ்சீங்க?”

“முப்பதில இருவத்திரெண்டு. சரியோ பிழையோ தெரியா.”

“சதவீதம் வந்திச்சா?”

“வந்திச்சி. கடன், வட்டி எண்டு வந்திச்சி. நான் அத வெங்காயமா மாத்திச் செஞ்சன்.”

ஹனா கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டாள். முடிவு வர இன்னும் இரண்டு மூன்று மாதமாகும். பிறகு ராத்தா காலையில் நடந்ததைச் சொன்னார். பரீட்சை மண்டப வாசலில், சீருடைப் பிள்ளைகளுக்கும் அவர்களைக் கொண்டுவந்து விட்ட தாய்மாருக்கும் நடுவில் அபாயாவோடு இவர் நின்றிருக்கிறார். இவர் உள்ளே போகப் பார்க்க, காவலாளி கையை நீட்டி மறித்திருக்கிறார்.

“உம்மாமார் உள்ளுக்கு வர ஏலாது. புள்ளய மட்டும் அனுப்புங்க.”

ராத்தா அனுமதி அட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

“புள்ளயே நான்தான், தம்பி.”

அந்த மனிதர் அட்டையைப் பார்த்தாராம், ராத்தாவைப் பார்த்தாராம். அதுவரை ஒரு பக்கக் கதவுதான் திறந்திருந்ததாம். மற்றதையும் அவர் அகலத் திறந்துவிட்டாராம்.